இடது கை செட்

கல்கத்தாவில், துறைமுகத்தை ஒட்டிய கிடர்பூர் கிடங்கு ஒன்றில் அன்று சாயங்காலம் நாலு பேர் இருந்தார்கள். சுங்க அதிகாரி வீரபாண்டியன். அவருக்கு மேலதிகாரி சேஷாத்ரி. கப்பல் சரக்கை விடுவித்துக் கொடுக்கும் ஏஜெண்ட் நரேன். அதே ஊரில் டாக்குரியாவில் பிறந்து வளர்ந்தவன், தமிழைவிட வங்காளம் நன்றாக வரும், அண்ணன் என்பதற்குப் பெயரோடு 'தா' சேர்த்துத்தான் கூப்பிடுவான். கோல்ஃப் மட்டைகளை ஆளின் உயரத்துக்கு வெட்டிக் கொடுக்கும் யூசுஃப்.

நரேனின் கன்டெய்னர் ஒன்றை, அது துறைமுகத்தில் இறங்கிய அன்றே, வீரபாண்டியன் நிறுத்திவிட்டார். ஒரு வாரம் ஆகிறது. இயந்திர உதிரிபாகம் என்று காகிதம் சொன்னது. அடியில் ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. அதைத் துடைத்த இரண்டு கூலிகளுக்கு உள்ளங்கைத் தோல் உரிந்து வந்துவிட்டது. திறந்து பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். சேஷாத்ரி அந்தக் காகிதத்தை ஓரமாகத் தள்ளி வைத்தார். "வாரும், உமக்கு ஒரு நல்ல கோல்ஃப் அயர்ன் செட் பாத்துட்டு வருவோம்" என்று காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

சில மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் டாலிகஞ்ச் கிளப்புக்கு கோல்ஃப் ஆடக் கூப்பிடுவதும் அவர்தான். பதவி உயர்வு அந்தப் புல்வெளியில்தான் முடிவாகிறது என்பது ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். வீரபாண்டியன் இடது கைக்காரர். இரவல் வாங்கிய வலது கை மட்டைகளால் பந்துக்குப் பதில் மண்ணைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்.

மேஜைமேல் மூன்று செட்டுகள். மூன்றும் இடது கை.

"சும்மா பாக்கத்தான் சார் வந்தேன்."

"பாருமேன் ஓய். பாக்கறதுக்கு டியூட்டி கிடையாது."

முதல் செட்டில் மட்டையின் தலை கத்திபோல் மெலிசு. அடித்ததும் முழங்கை வரை அதிர்ந்தது. இரண்டாவது கனம், மண்வெட்டி பிடித்த மாதிரி. மூன்றாவதால் அடித்தபோது கையில் எதுவுமே தெரியவில்லை. எதிரே தொங்கிய சாக்குத் திரையில் பந்து போய் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. இன்னும் நாலு பந்து அடித்தார். வாழ்க்கையில் முதல் முறையாகத் தன் கைக்கு ஒரு பொருள் செய்திருக்கிறார்கள் என்று தோன்றியது. யூசுஃப் பக்கத்தில் வந்து டேப்பை விட்டு அவருடைய மணிக்கட்டிலிருந்து தரை வரை அளந்ததைக்கூட அவர் தடுக்கவில்லை.

"இத எங்க பிடிச்சீங்க தம்பி?" என்று நரேனைக் கேட்டார்.

"கல்கத்தால கெடைக்காது பாண்டியன்தா. ஒங்களுக்குன்னே சிங்கப்பூர்லேர்ந்து வரவழைச்சேன். ஏக்தம் ஸ்பெஷல்."

"எப்ப சொல்லி விட்டீங்க?"

"போன மாசம்."

போன மாதம் அந்தக் கன்டெய்னர் கப்பலிலேயே ஏறியிருக்காது. அதற்கு முன்பே வீரபாண்டியனின் இடது கைக்கு ஆர்டர் போயிருக்கிறது. அப்போதுதான் ரம்பச் சத்தம் காதில் விழுந்தது. மூன்றாவது செட்டின் ரப்பர் பிடிகளை உருவிப்போட்டு, யூசுஃப் முதல் தண்டை வெட்டி முடித்து, இரண்டாவதை இடுக்கியில் வைத்திருந்தான்.

"ஏய், நிறுத்துப்பா! நா வேணும்னு சொல்லவே இல்லயே!"

யூசுஃப் நரேனைப் பார்த்தான். நரேன் தலையசைத்தான். ரம்பம் தொடர்ந்தது.

"வெட்டினத ஒட்ட முடியாது" என்றார் சேஷாத்ரி. "உம்ம ஒசரத்துக்கு, உம்ம கைக்கு. வேற எவனுக்கும் ஆகாது. கிளப்புல எவன் பாத்தாலும் சொல்லிடுவான், இது வீரபாண்டியனோடதுன்னு."

"அந்தக் கன்டெய்னரத் தொறக்கணும் சார்."

"தொறக்கலாம், யார் வேண்டாம்னா? ஞாயித்துக்கிழமை ஆடிட்டுப் பேசுவோம். நீர் கிளம்பும். எனக்கு நரேன்கிட்ட கொஞ்சம் வேலை இருக்கு."

கடைசி மட்டைக்கும் பிடி மாட்டிப் பைக்குள் போட்டார்கள். நரேனே பையை அவர் தோளில் மாட்டி, பட்டையைச் சரிசெய்து, வாசல் வரை முதுகில் கை வைத்துக் கூட்டி வந்தான்.

வெளியே லாரிகள் வரிசையாக நின்றன. கைவண்டிக்காரன் ஒருவன் வண்டியை நிறுத்தி, அவரையும் பையையும் மாறி மாறிப் பார்த்தான். வீரபாண்டியன் பட்டையைத் தோளிலிருந்து கழற்றினார்.

"நரேன், இத உள்ளயே..."

திரும்புவதற்குள் இரும்புக் கதவு சாத்தியாகிவிட்டது. உள்ளே தாழ் விழுந்தது. அதன் பிறகு, அவசரமே இல்லாமல், சாவி திரும்பியது.