ஃபிர்தௌஸ் போட்ட வழி

டி.வி.எஸ். வண்டியின் முன்னால் சுண்ணாம்பு மூட்டையை வைத்துக் கரீம் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது, அவருடைய அண்ணன் அப்பாஸ் வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

“மௌத்து வூட்ட விட்டுட்டு எங்கடா கெளம்பற?”

“வேடியப்பன் கல்லு வரைக்கும். வெயில் ஏறதுக்குள்ள வந்துருவேன்.”

“பொண்டாட்டி உள்ள கெடக்கறா. நீ சுண்ணாம்பத் தூக்கிக்கிட்டுப் போற. ஊரு என்னாடா பேசும்?”

ஊர் நேற்றே பேசிவிட்டது. கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியிலிருந்து ஃபிர்தௌஸ் உயிரில்லாமல் வந்து இறங்கியதுமே, ஓடி ஓடியே போய்ச் சேர்ந்துட்டா என்று பந்தலுக்குக் கீழே ஒரு குரல் சொன்னது. டெங்கு என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாள் கரீமின் சட்டைப் பையில் இருந்தது. அதை எடுத்து ஒவ்வொருவரிடமும் நீட்டவா முடியும்? ஐம்பது வயதில் ஒரு பெண் ஷூ மாட்டிக்கொண்டு ஓடினால், அவள் எந்த நோயில் போனாலும் ஓட்டத்தில் போனதாகத்தான் சொல்வார்கள்.

ஃபிர்தௌஸ் ஓசூரில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை பார்த்தவள். ஆறு வருடத்துக்கு முன்னால் கம்பெனி விளையாட்டு விழாவில், டீ கிளாஸ் பரிசாகக் கிடைக்கும் என்று ஓடினாள். கிளாஸ் கிடைத்தது. அதோடு விட்டாளா? ஞாயிறு தவறாமல் சுடிதாரும் தலைமுக்காடுமாய் ராயக்கோட்டை மலையைச் சுற்ற ஆரம்பித்தாள். தக்காளி டெம்போ ஓட்டும் கரீமுக்கு மண்டியில் தலைகாட்ட முடியவில்லை. “உங்க வூட்டம்மா கோட்டையப் புடிக்கப் போவுதா பாய்?” என்று கேட்பார்கள். அவரும் சேர்ந்து சிரித்துவிடுவார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்று அவருக்கு நெஞ்சு எரிந்தது.

இந்த ஞாயிறு ஓட்டம் அவளே போட்ட வழி. பதினோரு கிலோமீட்டர். ஸ்டேஷனில் தொடங்கி, கோட்டையின் கீழ் வாசல், ஏரிக்கரை, வேடியப்பன் கல், புளியந்தோப்புக்குள் இருக்கும் பழைய கல் மண்டபம் என்று சுற்றி மறுபடி ஸ்டேஷன். இரண்டு மாதம் அலைந்து, திருப்பத்துக்குத் திருப்பம் பாறையில் சுண்ணாம்பால் அம்பு போட்டிருந்தாள். ஓசூரிலிருந்தும் ஆனேக்கல்லிலிருந்தும் எண்பது பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். அவர்களுக்காக அச்சடித்த தாளில் ‘ஃபிர்தௌஸ் சுற்று’ என்று இருந்தது. விடிகாலை பஜ்ர் தொழுகை முடிந்த கையோடு, அவளுடைய கம்பெனியில் வேலை பார்த்து இந்த ஓட்டத்தையும் சேர்ந்து நடத்தும் கௌதம் வாசலில் வந்து நின்றான்.

“நிறுத்திடலாம்ண்ணா. பாதிப் பேரு வந்துட்டாங்க, திருப்பி அனுப்பிடறேன். வேடியப்பன் கல்லுக்கு அப்பறம் அம்பும் இல்ல, யாரோ கழுவி வுட்டுருக்காங்க. எடது பக்கம் தப்பிப் போனா யானை எறங்கற காடு.”

இன்று ஓடாவிட்டால் இனி அந்த வழியில் யாரும் ஓடப்போவதில்லை. ஓடிச் செத்தவள் என்ற பெயர்தான் மிஞ்சும். கரீமுக்கு அது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

“நிறுத்தாத. ஆறு மணிக்கு வுடு. நான் போயி அம்பு போடறேன்” என்று அவனை அனுப்பியிருந்தார்.

இப்போது அண்ணனின் கையை மெல்ல விலக்கிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

வேடியப்பன் கல் என்பது வில்லோடு நிற்கும் ஒரு வீரனின் நடுகல். எந்தக் காலத்துச் சண்டையோ, யாருக்கும் தெரியாது. அங்கிருந்து மூன்று ஒற்றையடிப் பாதைகள் பிரிந்தன. கரீம் வண்டியை நிறுத்தி மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். போன மாதம் தண்ணீர் கேனோடு இவ்வளவு தூரம் அவள் பின்னால் வந்தவர்தான். இதற்கு மேல் வண்டி போகாது என்று இங்கேயே உட்கார்ந்து போனில் தக்காளி விலை கேட்டுக்கொண்டிருந்தார். அவள் எந்தப் பாதையில் போனாள், எந்தப் பாதையில் திரும்பினாள்? ஒன்றும் நினைவில் இல்லை. உலகத்தில் அவளுடைய வழி தெரியாத ஒரே ஆள் புருஷன்தான் போலிருக்கிறது என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

“யாருய்யா அது? மறுக்காவும் சுண்ணாம்பா?”

ராகிக் கொல்லைக்குள்ளிருந்து ஒரு பெண் தென்னந்துடைப்பத்தோடு வந்தாள். அந்தக் கொல்லைக்காரி வெள்ளையம்மா.

“நீதான் கழுவனியா?”

“ஆமா, நான்தான். தேய்ச்சித் தேய்ச்சிக் கையே கன்னிப்போச்சி. கல்லுல அம்பு, பக்கத்துல ஆறு, ஏழுன்னு நம்பரு. கம்பெனிக்காரனுக்கு நெலம் அளக்கறாங்கன்னு தெரியாதா எனக்கு? அந்தாண்ட ஊர்ல இப்பிடித்தான் மொதல்ல கல்லுல எழுதனாங்க. அப்பறம் கொல்லையே இல்லாத போச்சி.”

“அது அளவு இல்லம்மா. ஓடறதுக்கு. ஆறாவது கிலோமீட்டர், ஏழாவது கிலோமீட்டர். எம் பொண்டாட்டி போட்டது.”

வெள்ளையம்மா துடைப்பத்தைத் தாழ்த்தினாள்.

“ஓடற பாயம்மாவா? நாயித்துக்கெழமையானா எங்கொல்லையில நின்னு தண்ணி குடிக்குமே. ரெண்டு வாரமா காணமே?”

“நேத்து மௌத்தாயிட்டா.”

அவள் சுண்ணாம்பு போயிருந்த பாறையைப் பார்த்தாள். துடைப்பத்தை வரப்பில் போட்டுவிட்டு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். கரீமுக்கும் நேற்றிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. அதற்கு நேரமில்லை. கீழே தூரத்தில் ஸ்டேஷனிலிருந்து ஓடுகிறவர்களின் சிவப்புச் சட்டைகள் கிளம்பிவிட்டன.

“எந்த வழின்னு எனக்குத் தெரியலம்மா” என்றார்.

“எனக்குத் தெரியும். வா.”

நடுப் பாதையில் அவள் முன்னால் ஓட்டமும் நடையுமாகப் போனாள். அவள் கைகாட்டிய இடத்திலெல்லாம் கரீம் குனிந்து அம்பு போட்டார். புளியந்தோப்பு வந்தது, கல் மண்டபம் வந்தது, மண்டபத்தைத் தாண்டி ஒரு மேடு. அந்த மேட்டில் நின்றால் கோட்டை மொத்தமும் ஒரே பார்வையில் கிடைத்தது. பிறந்ததிலிருந்து ராயக்கோட்டையில் இருந்தும் இந்த இடத்திலிருந்து அதை அவர் பார்த்ததில்லை. அடி கள்ளி, இதைக் காட்டத்தான் இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வருகிறாயா என்று வாய்விட்டே சொன்னார்.

திரும்பி வந்தபோது வெள்ளையம்மா கல்லுக்குப் பக்கத்தில் நின்று இடது பாதையை மறித்துக்கொண்டாள். ஆனேக்கல்காரர்கள் வந்தபோது நடுப் பாதையைக் காட்டி “ஈ கடெ, ஈ கடெ” என்று கன்னடத்தில் கத்தினாள். ஒரு பெண் மூச்சு வாங்க நின்று, வழி யார் போட்டது என்று கேட்டாள்.

“என் சம்சாரம். மலை தெரிஞ்சவ. மண்டபத்தத் தாண்டி மேட்டுல ஒரு நிமிஷம் நின்னு பாருங்க” என்றார் கரீம்.

எண்பது பேரும் போகும்வரை அவர் நகரவில்லை.

குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றி, மதிய லுஹர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலிலிருந்து சந்தூக்குப் பெட்டியைத் தூக்க ஆயத்தமானபோது, ஓடியவர்கள் ஊருக்குத் திரும்பாமல் அப்படியே வந்து தெருவில் நின்றார்கள். சட்டையில் உப்புப் பூத்திருந்தது. தலையில் கர்சீப் கட்டியிருந்தார்கள். அப்பாஸுக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

“கபர்ஸ்தானுக்கு ஒன்றரை கிலோமீட்டர், அதுவும் மேடு. அரை மணி நேரமாவது ஆவும். நம்ம ஆளுங்களே போதும்” என்றார்.

“தோள் குடுக்க வந்தவங்கள யாரு வேணாம்னு சொல்றது?” என்றார் பள்ளிவாசல் ஹஜ்ரத். “ஜனாஸாவத் தாமசிக்காம கொண்டு போறதுதான் நல்லது. வேகமாவே போங்க. ஓட மட்டும் வேணாம்.”

சந்தூக் கிளம்பியது. கரீம் பெட்டியின் முன்பக்க வலது காலைத் தோளில் வாங்கியிருந்தார். நாற்பது அடிக்கு ஒருவர் தோள் மாற்றுவது வழக்கம். ஓடுகிறவர்கள் இருபதிலேயே மாற்றினார்கள். ஒருவர் வாங்க, ஒருவர் விலக, எங்கேயும் நடை தேங்கவில்லை. கரீம் மட்டும் தோளைக் கொடுக்க மறுத்துவிட்டார். மேட்டில் ஊர் ஆட்கள் ஒவ்வொருவராகப் பின்தங்கினார்கள். அப்பாஸ் ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு மூச்சிரைத்தார். அவர் தோளிலிருந்ததை ஒரு சிவப்புச் சட்டை கேட்காமலே வாங்கிக்கொண்டது. அவர் கொடுத்துவிட்டார்.

கபர்ஸ்தான் வாசலுக்குள் சந்தூக் நுழைந்ததும் ‘பீப்’ என்று ஒரு சத்தம் கேட்டது. கிளம்பும்போது ஓடவிட்டிருந்த கைக்கடிகாரத்தைக் கௌதம் பழக்கத்தில் அழுத்தி நிறுத்திவிட்டிருந்தான். எல்லோரும் திரும்பிப் பார்க்க, அவன் முகம் வெளிறி மறு கையால் கடிகாரத்தைப் பொத்தினான்.

“தப்பா எடுத்துக்காதீங்கண்ணா.”

சந்தூக்கைக் கீழே இறக்கிவிட்டுக் கரீம் அவனிடம் வந்தார். பொத்தியிருந்த கையை விலக்கிக் கடிகாரத்தைப் பார்த்தார். அதற்குள் அப்பாஸும் வியர்வை சொட்ட வந்து சேர்ந்திருந்தார்.

“பதினாலு நிமிஷம்” என்று கரீம் அண்ணனிடம் சொன்னார்.

பிறகு கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவளை வாங்கிக்கொள்ளக் குழிக்குள் இறங்கினார்.