பிறப்புப் பத்திரத்தில் தாயின் பெயர்

பாஸ்போட்டுக்கு எழுதவென்று கொண்டுவந்த பிறப்புப் பத்திரத்தை நொத்தாரிசு நமசிவாயம் இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளையின்ரை தாய் ஆர்?"

"நான்தான்," என்றாள் லூர்த்தம்மா. மடியில் எட்டு மாதக் குழந்தை றோஸ் மூச்சுக்கு அந்தரப்பட்டுக்கொண்டு கிடந்தாள்.

"இதிலை தாய் இராசாத்தி எண்டெல்லோ கிடக்குது. தகப்பன் யாகப்பு."

லூர்த்தம்மா சிரித்தாள். பத்திரத்தை மாறி எடுத்து வந்துவிட்டோம் என்றுதான் நினைத்தாள். இராசாத்தி அவளுடைய மச்சாள், புருஷன் சூசைதாசனின் அக்கா. யாகப்பு அந்த அக்காவின் புருஷன். பிள்ளையில்லாத சோடி. சிரித்தபடியே பக்கத்தில் இருந்த தன் புருஷனைப் பார்த்தாள். சூசைதாசன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

லூர்த்தம்மாவின் முதல் இரண்டு பிள்ளைகளும் முகம் பார்த்துச் சிரிக்க முன்னமே போய்விட்டன. அதனால் மூன்றாவது பிறந்ததும், சாவை ஏமாற்ற ஊரில் செய்கிற வேலையைச் செய்தார்கள். இராசாத்தி ஒரு சுளகு தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை 'வாங்கினாள்'. பங்குச் சுவாமியார் அறிந்திருந்தால் பிரசங்கத்திலேயே கிழித்திருப்பார். எல்லாம் ஒரு பாவனைதானே! தவிடு கோழிக்குப் போகும், பிள்ளை பெற்றவளிடமே பால் குடிக்கும். ஆனால் சூசைதாசன் எதையும் அரைகுறையாய்ச் செய்கிற ஆளில்லை. அத்தானையும் இழுத்துக்கொண்டு பதிவுகாரரிடம் போய், பிள்ளையை அக்காவின் பேரிலேயே பதிந்துவிட்டு வந்திருந்தான் மகாபுத்திசாலி.

"சாவு அரசாங்கத்தின்ரை புத்தகத்தையும் பாத்தால் எண்டு பயந்திட்டன்," என்றான்.

"பெத்த எனக்கு ஒரு சொல்லுச் சொன்னனியே? உனக்கென்ன விசரே?"

"சொன்னால் பலிக்காது எண்டவை. பிள்ளை உயிரோடை இருக்குதுதானே, லூர்த்து."

அவளுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அதைவிட, அவன் சொன்னதில் பாதியைத் தன் மனமும் நம்புகிறதே என்றுதான் திடுக்கிட்டாள்.

பிள்ளையின் இருதயத்தில் ஓட்டை. வேலூரில் ஒப்பரேசனுக்கு அடுத்த மாதம் நாள் கொடுத்திருந்தார்கள். ரயிலும் கப்பலும் பிள்ளை தாங்காது, பலாலியிலிருந்து திருச்சிக்குப் பிளேனில் கொண்டுபோங்கள் என்று டொக்டர் சொல்லியிருந்தார். கைக்குழந்தையைத் தாயின் பாஸ்போட்டில்தான் சேர்ப்பார்கள்.

"கோயில் புத்தகத்திலை நான்தான் தாய், ஐயா. ஞானஸ்நானம் குடுத்த சுவாமியாரைக் கேளுங்கோ."

"பாஸ்போட் கந்தோரிலை அது செல்லாது, பிள்ளை. இதைத் திருத்திறதெண்டால் வழக்கு, கோடு, கச்சேரி எண்டு வருசக்கணக்கிலை போகும். அடுத்த மாசம் போகவேணுமெண்டால் பத்திரத்திலை இருக்கிற தாய்தான் கொண்டுபோகவேணும்."

வேறு வழியிருக்கவில்லை. றோஸின் பெயர் இராசாத்தியின் பாஸ்போட்டில் ஏறியது. லூர்த்தம்மாவுக்குத் தனிப் பாஸ்போட் எடுத்தார்கள். மச்சாள்மார் இரண்டு பேரும் பிள்ளையுமாகப் பலாலிக்குப் போனபோது இராசாத்திதான் வழியெல்லாம் அழுதாள். "மாதாவாணை, எனக்கு ஒண்டும் தெரியாது மச்சாள். உவங்கள் ஆம்பிளையள் ரண்டு பேரும் எனக்கும் சொல்லேல்லை."

வரிசையில் பிள்ளை லூர்த்தம்மாவின் தோளில் கிடந்தது. அதிகாரி இராசாத்தியின் பாஸ்போட்டைப் பார்த்தார். பிறகு லூர்த்தம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"பிள்ளையை வைச்சிருக்கிற நீங்கள் என்ன முறை?"

றோஸ் பசியில் அவள் நெஞ்சை முட்டினாள். பால் சுரந்து சட்டை நனைந்தது. லூர்த்தம்மா சேலைத் தலைப்பை இழுத்து மூடினாள்.

"மாமி," என்றாள். தன் வாயிலிருந்து அந்தச் சொல் இவ்வளவு சுளுவாக வந்ததைக் கேட்டு அவளே விறைத்துப் போனாள்.

"அப்ப பிள்ளையைத் தாயிட்டைக் குடுங்கோ. அவை ரண்டு பேரும் முதல் போகட்டும்."

கொடுத்தாள். பிள்ளை வீரிட்டுக் கத்தியது. இராசாத்தியின் கையில் நில்லாமல், திரும்பித் திரும்பி லூர்த்தம்மாவிடம் பாய்ந்தது.

அதிகாரி நல்ல மனிதர். சிரித்தார். "மாமியிலை நல்ல வாரப்பாடும் பாசமும்போலை."

"ஓம் ஐயா," என்றாள் லூர்த்தம்மா.