முப்பத்தேழாவது சாமான்

“சாக்கைக் கொண்டாங்க, ஒரே அள்ளா அள்ளிடலாம்” என்று சொல்லிக்கொண்டே கொழுந்தன் குனிந்தான். தையற்காரி அவன் கையைத் தட்டிவிட்டாள்.

“தொடாதீங்க தம்பி. நானே எடுக்குறேன்.”

“அண்ணி, மூணு மணிக்கு அண்ணனைக் கொண்டாந்துடுவாங்க. எங்க படுக்க வைக்கிறது?”

கேள்வி நியாயமானதுதான். இருந்ததே இரண்டு அறை. உள்ளே கட்டில். முன்னறையில் தையல் மெஷின், சுவரோரமாக இன்ஜின் தலை கழன்ற மோட்டார்சைக்கிள், மிச்சத் தரை முழுக்கச் செய்தித்தாள். தாளின் மேல் போல்ட், வால்வு, ஸ்பிரிங், ஹெட், சிலிண்டர் என்று வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றையும் சுற்றி நீலத் தையல் சாக்கட்டியால் ஒரு வட்டம், பக்கத்தில் ஓர் எண். முப்பத்தேழாவது வட்டம் மட்டும் காலி.

“உள்ள கட்டில்ல வச்சுடுறேன். நீங்க வண்டியை மட்டும் வெளிய தள்ளுங்க. இன்ஜின் வாயில துணி அடைச்சிருக்கு, அதை எடுத்துடாதீங்க.”

கொழுந்தன் தன் அக்காவைப் பார்த்தான். நாத்தனார், “விடுடா, ஏதோ பண்ணட்டும்” என்று கண்ணால் சொன்னாள். பிறகு, “அழுதுடும்மா, உள்ளேயே வச்சுக்காதே” என்று வாய்விட்டும் சொன்னாள். தையற்காரிக்கு அழ நேரமில்லை. மணி ஒன்றாகியிருந்தது. முப்பத்தாறு சாமானையும் வரிசை குலையாமல் இடம் மாற்றியாக வேண்டும்.

கட்டிலில் அவர் படுக்கும் பக்கத்தில் பழைய போர்வையை விரித்து, தாளில் இருந்தபடியே வட்டங்களை வரைந்தாள். அப்புறம் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் வைத்தாள். சிலிண்டரைத் தூக்கும்போது மட்டும் மூச்சு வாங்கியது.

அவர் பஸ் டிரைவர். இருபத்திரண்டு வருடமாகக் கடற்கரை ஊருக்குப் போகும் பஸ்ஸை ஓட்டியவர். தினமும் இரண்டு தடவை கடலைப் பார்த்தவர். அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. “பஸ்ஸுல ஏத்திக்கிட்டுப் போறதுதானே” என்று அவள் கேட்டால், “பஸ்ஸுல வந்தா நான் டிரைவர், நீ பயணி. நடுவுல இன்ஜின் பொட்டி வேற. நம்ம வண்டியில போனாத்தான் புருஷன் பொண்டாட்டி” என்பார். பேச்சில் மட்டும் குறைச்சலே கிடையாது. அப்படிப் பேசிப் பேசியே வருடங்கள் ஓடிப்போயின. போன மாதம்தான் ஒருவழியாக நாள் குறித்தார்.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் வண்டியின் பழைய ஆயிலை வடித்துக்கொண்டிருந்தார். அவள்தான் கூப்பிட்டாள். “பேண்ட் நீளம் பாக்கணும், ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்க.” ஸ்டூலில் ஏறி நின்றார். இந்தக் காலத்தில் யாரும் வைக்காத, வெளிப்பக்கமாகத் திருப்பிவிடும் கால் மடிப்பு அவருக்கு வேண்டும். வேண்டாம் என்று எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. அவள் வாயில் குண்டூசிகளோடு மடித்துக் குத்தினாள். அவர் வேண்டுமென்றே காலை ஆட்டி அவளைச் சிரிக்க வைத்தார். இறங்கினார், கை கழுவினார், சாப்பிட்டார், படுத்தார். புது ஆயில் டப்பா மூடி திறக்காமல் வாசலிலேயே இருந்தது.

மறுநாள் பதினெட்டாவது கிலோமீட்டரில் இன்ஜின் இறுகிப் பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. வண்டி கோணிக்கொண்டு போய் நின்றது. அவர் தார் ரோட்டில் முட்டி போட்டு ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். குச்சியில் ஒரு சொட்டு இல்லை.

“நான் கூப்பிடாம இருந்திருந்தா ஊத்தியிருப்பீங்க.”

“ஊத்த மறந்தது நான். நீ கூப்பிட்டது பேண்ட்டுக்கு. அது நல்லாத்தானே வந்திருக்கு?”

புது பேண்ட்டில் தாரும் கிரீஸும் ஏறி, அன்றோடு அது வேலை பேண்ட் ஆகிவிட்டது. மெக்கானிக்கிடம் விடச் சொன்னாள். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. “நான் கெடுத்ததை நானே சரி பண்றேன். கடல் எங்கேயும் ஓடிடாது” என்று முன்னறையிலேயே வண்டியைப் பிரித்தார். ஒன்றைக் கழற்றுவார், “கிளார்க்கம்மா, எழுதிக்கோ” என்று பெயர் சொல்வார். அவள் வரிசை எண்ணைப் போட்டுவிட்டுப் பென்சிலோடு காத்திருந்து, அவர் பெயர் சொன்னதும் அளவு நோட்டில் எழுதுவாள். எழுதிய பிறகுதான் அடுத்ததில் கை வைப்பார்.

நேற்று அந்த லாக். பிஸ்டன் பின் நழுவாமல் பிடித்து வைக்கும் சின்னக் கம்பி வளையம். கூர்மூக்குக் குறட்டால் நெம்பியதும் ‘டிக்’கென்று தெறித்து எங்கேயோ போனது. இரண்டு பேரும் நாலு காலில் தவழ்ந்து தேடினார்கள். அவளுடைய ஊசி பொறுக்கும் காந்தத்தில் பதினேழு குண்டூசியும், போன வருடம் தொலைந்த ஒரு கொக்கியும் ஒட்டிக்கொண்டு வந்தன. லாக் வரவில்லை.

“கடையில புதுசு கிடைக்காதா?”

“புதுசுதான் போடணும். ஆனா பழசு உள்ள விழுந்திருந்தா? அது தெரியாம மூடினா, இந்தத் தடவை இன்ஜினே மிஞ்சாது. எழுதாதே. கிடைச்சப்புறம் எழுதிக்கலாம்.”

இன்று காலை டார்ச்சை எடுத்துக்கொண்டு மறுபடி குனிந்தார். “நெஞ்சு என்னமோ பண்ணுது” என்று உட்கார்ந்தார். பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துவிட்டது.

மூன்று மணிக்குக் கொண்டுவந்தார்கள். செய்தித்தாள் விரித்திருந்த அதே இடத்தில் படுக்க வைத்தார்கள். வெள்ளைச் சட்டையும் கறுப்பு பேண்ட்டும் போட்டுவிட்டிருந்தார்கள். அந்த பேண்ட்டில் மடிப்பு இல்லை. அவருக்குப் பிடிக்காது என்று அவளுக்குத் தோன்றியது. ஆட்கள் வந்தார்கள், கையைப் பிடித்தார்கள், போனார்கள்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பையை நாத்தனார் எடுத்தாள். “போட்டிருந்த துணி. குப்பையில போட்டுடவா?”

“கொடுங்க.”

உள்ளே போய்க் கட்டிலின் தன் பக்கத்து ஓரத்தில், எதுவும் உருண்டுவிடாதபடி மெல்ல உட்கார்ந்தாள். பேண்ட்டை உதறாமல் மடியில் விரித்தாள். கிரீஸ் வாடையும் அவர் வாடையும் சேர்ந்து வந்தன. அதை முகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது, வைத்துக்கொண்டாள். பிறகு தையற்காரியின் பழக்கத்தில் கட்டைவிரல் தானாகக் கால் மடிப்புக்குள் போய் ஓரத்தைத் தடவிக்கொண்டே வந்தது. வலது காலில், பின்தையலுக்குப் பக்கத்தில், ஏதோ குத்தியது.

எடுத்துப் பார்த்தாள். நேற்று முழுக்க இரண்டு பேரும் தேடியதை அவர் காலிலேயே கட்டிக்கொண்டு அலைந்திருக்கிறார்.

எழுந்து முன்னறைக்கு வந்தாள். ஆட்கள் வழிவிட்டார்கள். தலைமாட்டில் உட்கார்ந்து அவர் காதருகே குனிந்தாள்.

“கிடைச்சிடுச்சுங்க. உள்ள விழல.”

“என்ன அண்ணி?” என்றான் கொழுந்தன். அவர் சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. அதை நிமிர்த்திவிட்டு உள்ளே போனாள்.

போர்வையில் காலியாக இருந்த வட்டத்துக்குள் லாக்கை வைத்தாள். அளவு நோட்டை எடுத்து, ‘37’க்குப் பக்கத்தில் ‘பிஸ்டன் பின் லாக்’ என்று எழுதினாள். அடுத்த வரியில் ‘38’ என்று போட்டாள். போட்டுவிட்டு, பென்சிலைத் தாளிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.