ஏழு கேள்விகள்

பொலிஸ்காரப் பெண் வேண்டாமென்று சொல்லியும் கேளாமல், ஜெகதீஸ்வரி கதிரையில் ஏறி நின்று கூரைச் சாளரத்தில் ஒட்டியிருந்த அலுமினியத் தாளைக் கிழித்துக்கொண்டிருந்தாள். தாள் நான்கு மடிப்பாக இருந்தது. மூலைக்கு மூலை பழுப்பு நிற டேப். வெளிச்சம் ஒரு பொட்டுக்கூட உள்ளே வராதபடி அண்ணை பார்த்துப் பார்த்து ஒட்டியிருந்தார். கடைசி மூலை பிய்ந்ததும் மாலை ஆறு மணி வெயில் நேரே கட்டிலில் போய் விழுந்தது. அவள் பதறிப்போய்க் கிழித்த தாளாலேயே அதை மறைக்கப் பார்த்தாள்.

கட்டிலில் அண்ணை ஞானேஸ்வரன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மெல்லிய வெள்ளைப் பெனியன், முழங்கால்வரை ஏறிய சாரம். அம்புலன்ஸ்காரர் வந்து பார்த்து, இறந்த நேரத்தைக் குறித்துவிட்டுப் போய் ஒன்றரை மணித்தியாலம் ஆகியிருந்தது.

"தயவுசெய்து இறங்குங்கள்" என்றாள் பொலிஸ்காரி ஆங்கிலத்தில். சின்ன வயதுதான். அவளுக்கும் நெற்றியெல்லாம் வியர்த்து வழிந்தது.

"இதுக்குள்ள மூச்சு விடேலாமல் கிடக்கு" என்றாள் ஜெகதீஸ்வரி. தமிழில் சொல்கிறோம் என்பது சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

விம்பிள்டனிலிருந்து ஹவுன்ஸ்லோவுக்கு வர அன்று அவளுக்கு இரண்டு மணித்தியாலம் பிடித்தது. வெயிலில் தண்டவாளம் வளைந்துவிடும் என்று ரயில்களை ஊர விட்டிருந்தார்கள். எந்தப் பாதையில் எத்தனை பாகை வெப்பம் வரும் என்ற விபரம் வானிலை நிலையத்திலிருந்து ரயில்காரருக்கு மணிக்கு மணி போய்க்கொண்டிருந்தது. அதற்கான ஒப்பந்தத்தில் ஏப்ரல் மாதம் கையொப்பம் வைத்தவள் ஜெகதீஸ்வரிதான். தண்டவாளங்களுக்கு எச்சரிக்கை நேரத்துக்குக் கிடைத்திருந்தது.

அதுதான் அவள் வேலை. வானிலைக்காரரிடம் ஒரு விபரம், டொக்டர்மாரிடம் ஒன்று, கவுன்சில்களிடம் இன்னொன்று என்று சிதறிக் கிடப்பவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகலாமா என்று பார்த்து அனுமதி கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகம். அண்ணைக்கு அதை விளங்கப்படுத்த அவள் ஒருமுறை பெரும்பாடு பட்டிருக்கிறாள்.

"அப்ப மழை வரும் எண்டு சொல்லுறது நீயில்லை?"

"இல்லை அண்ணை. அதைச் சொல்லுற ஆக்களையும், நனையப்போற ஆக்கள் ஆரெண்டு தெரிஞ்ச ஆக்களையும் சேர்த்து வைக்கிறது."

"பொருத்தம் பாக்கிறாய். கலியாணப் புரோக்கர் எண்டு சொல்லன்" என்று சிரித்தார். அதன் பிறகு யார் கேட்டாலும் தங்கச்சி அரசாங்கப் புரோக்கர் என்றுதான் சொல்லுவார்.

அவர் விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் பத்தொன்பது வருடமாக இரவு ஷிப்ட். கலியாணம் கட்டவில்லை. காலை எட்டு மணிக்கு வந்து படுத்தால் மூன்றரைக்கு எழும்புவார். விமானச் சத்தத்துக்காகச் சாளரத்தை இறுக்கிப் பூட்டி, வெளிச்சத்துக்காகத் தாள் ஒட்டி, கதவில் 'தூங்குகிறேன்' என்று எழுதித் தொங்கவிட்டிருப்பார். மூன்று வருடத்துக்கு முன் நெஞ்சு வருத்தம் வந்ததிலிருந்து, உடம்பில் நிற்கும் தண்ணீரை வெளியேற்றுகிற குளிசை ஒன்றும் போட்டுவந்தார். வெக்கை நாளில் அது உடம்பைக் காயவைத்துவிடும்.

கீழே குசினியில், மேல் அறையை அண்ணைக்கு வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரி பவளக்கொடி தேத்தண்ணீர் ஊற்றிவிட்டு, அதைக் கொடுக்க மறந்து நின்றாள். மலேசியாவிலிருந்து தாதிப் படிப்புக்கு வந்து, இங்கேயே தங்கி, கணவனையும் இழந்தவள். அறுபத்தெட்டு வயது.

"மூன்றரைக்கு பாத்ரூம்ல தண்ணிச் சத்தம் கேக்கும்மா. இன்னைக்குக் கேக்கல. அப்பத்தான் போய்த் திறந்தேன். ஆனா ஒரு மணிக்கே எனக்கு மனசு ஒரு மாதிரி இருந்துச்சு. மாடி அவ்வளவு கொதிக்குது. ஏறிப் போயி அந்தக் கதவு வரைக்கும் நின்னேன். தட்டலை. ராத்திரி பூரா வேலை செஞ்சிட்டு வந்த மனுஷன், எதுக்குத் தூக்கத்தைக் கெடுக்கணும்னு இறங்கி வந்துட்டேன்."

ஜெகதீஸ்வரி தேத்தண்ணீர்க் கோப்பையைத் தன் பக்கம் இழுத்தாள்.

"யாராச்சும் ஒரு போன் பண்ணி, அவரை எழுப்பிப் பாருங்கன்னு சொல்லியிருந்தா எழுப்பியிருப்பேம்மா. நானா எப்படி எழுப்புறது?"

ஜெகதீஸ்வரி கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடித்தாள். வாய் வெந்தது. மறுபடியும் குடித்தாள்.

காலையில் அவள் அவருக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். செம்மஞ்சள் எச்சரிக்கை, முப்பத்தாறு பாகை, தண்ணீர் குடியுங்கள் என்று எல்லோருக்கும் போகிற படம். எட்டே காலுக்கு அவர் பதில் போட்டிருந்தார்: 'கண்டனான். படுக்கப் போறன். நீ வெயிலுக்குள்ள திரியாதை.'

எச்சரிக்கை அவருக்குக் கிடைக்காமல் இல்லை. கிடைத்துத்தான் படுத்தார்.

போன் பண்ணி எழுப்பச் சொல்லுகிற ஆட்களும் இருந்தார்கள். பெர்னடெற் என்றொருத்தி, குருநகர்க்காரி, மேற்கு லண்டனில் ஒரு தொண்டு அமைப்பை நடத்துகிறாள். வெக்கை காலத்துக்கென்று அவள் ஒரு திட்டம் போட்டிருந்தாள். வெக்கையைத் தாங்கமாட்டாத நோயாளிகளின் பட்டியலை டொக்டர்மாரிடமிருந்து வாங்குவது. இன்ன தெருவில் இன்ன நேரம் இவ்வளவு வெக்கை வரும் என்ற விபரத்தை வானிலை நிலையத்திடமிருந்து வாங்குவது. இரண்டையும் சேர்த்து, அப்படியான நாட்களில் மதியம் அவர்களுக்குப் போன் அடிப்பது. இரண்டு தரம் எடுக்காவிட்டால் ஆள் போய்க் கதவைத் தட்டுவது.

அந்தக் கோப்பு மார்ச் மாதம் ஜெகதீஸ்வரியின் மேசைக்கு வந்தது. அவள் ஏழு கேள்விகள் எழுதித் திருப்பி அனுப்பினாள். பட்டியலை யார் யார் பார்ப்பார்கள், எங்கே வைப்பார்கள், எத்தனை நாளில் அழிப்பார்கள், கதவு தட்டப் போகிறவருக்கு நோயின் பெயர் தெரியவருமா, இப்படி. காரணமில்லாமல் அல்ல. முந்தி வேலை பார்த்த இடத்தில், தனியே வசிப்பவர்களின் பட்டியல் ஒன்று முகவரி மாறி வேறு யாருக்கோ போய்விட்டது. இரண்டு கிழமைக்குள் ஒரு வயோதிபப் பெண்ணின் கதவைத் திருடர் உடைத்து உள்ளே போயிருந்தார்கள். அந்தப் பெண்ணின் அடிபட்டு வீங்கிய கன்னத்தைப் படத்தில் பார்த்த பிறகு ஜெகதீஸ்வரியால் எதிலும் கெதியாகக் கையொப்பம் வைக்க முடிந்ததில்லை.

ஏழில் ஐந்துக்குப் பதில் வந்தது. யூன் கடைசியில் பெர்னடெற் தொலைபேசியில் எடுத்தாள்.

"அக்கா, மற்ற ரெண்டுக்கும் லோயர் வைச்சு எழுதவேணும். செப்ரெம்பர் ஆகிடும். வெயில் துவங்க முதல் இதை ஒருக்கா விடேலாதோ?"

"ஆக்களின்ர வருத்தம் துன்பம் எல்லாம் அதில கிடக்கு, பெர்னடெற். நான் அவசரப்படேலாது."

"ஓம் அக்கா. விளங்குது."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு கிழமைதான் கடந்திருந்தது.

ஜெகதீஸ்வரியின் கணவன் இராஜேந்திரன் வந்து சேர்ந்தபோது மேலே இருந்து அண்ணையை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மாடிப்படி ஒடுக்கம். திரும்பும் இடத்தில் தூக்கியவர்கள் நின்று, நிமிர்த்தி, மெதுவாகச் சரித்தார்கள். இராஜேந்திரன் மனைவியின் தோளில் கை வைத்தான்.

"மச்சானுக்கு நெஞ்சு முந்தியே பழுதுதானே, ஜெகா. இது எப்பவோ வரவேண்டியது."

"ஓம்" என்றாள்.

பரிசோதனை முடிந்து உடலைத் தரப் பன்னிரண்டு நாள் ஆனது. ஈமக்கிரியை நடந்த அன்று வெக்கை முழுவதும் தணிந்து, மண்டபத்துக்குள் குளிர்ந்தது. ஐயர் சொல்லச் சொல்ல ஜெகதீஸ்வரியின் மகன் தீபன், மாமனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தான். கொட்டகையில் வேலை செய்கிறவர்கள் ஒரு வரிசையாக வந்து நின்றார்கள். சிலர் ஷிப்ட் முடிந்து மஞ்சள் மேலங்கியோடேயே வந்திருந்தார்கள். வாய்க்கரிசி போடும்போது ஜெகதீஸ்வரி அண்ணையின் முகத்தைப் பார்த்தாள். யாரோ அவருக்கு மீசையை வேறுவிதமாகச் சீவிவிட்டிருந்தார்கள். சரிசெய்யக் கை போனது. பின்னால் ஆட்கள் காத்து நின்றார்கள். விட்டுவிட்டு நகர்ந்தாள்.

தூரத்து உறவான கார்த்திகேசு அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்று மெல்லக் கேட்டார். "பிள்ளை, நீ உந்த வெதர் சம்பந்தமான வேலைதானே? இப்பிடி வெயில் அடிக்கும் எண்டு முன்னுக்கே தெரியாதோ உங்களுக்கு?"

"தெரியும் சித்தப்பா."

அவர் மேலும் எதையோ எதிர்பார்த்துச் சற்று நின்றார். பிறகு தலையாட்டிவிட்டுக் கதிரை தேடிப் போனார்.

எல்லாம் முடிந்து, வாசலில் சனம் கலைந்துகொண்டிருந்தபோது பெர்னடெற் வந்தாள். கறுப்புச் சேலை. கண்கள் சிவந்திருந்தன. இருவரும் தொலைபேசியிலும் திரையிலும் கதைத்தவர்களே தவிர, நேரில் சந்திப்பது இதுதான் முதல் தடவை. பெர்னடெற் அவளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கார்கள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டன.

"அண்ணையின்ர பேர் அதில இருந்ததோ?" என்று கேட்டாள் ஜெகதீஸ்வரி.

பெர்னடெற் குனிந்து நிலத்தைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாது அக்கா. லிஸ்ட்டை நாங்கள் இன்னும் திறக்கேல்லை." யாரையும் நோகடிக்காத குரலில் சொன்னாள்: "நீங்கள் கையெழுத்து வைச்சால்தானே அக்கா திறக்கலாம்."

ஜெகதீஸ்வரி தலையசைத்தாள். தன் கைகளை விடுவித்துக்கொள்ளவில்லை. மகன் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு "அம்மா" என்று கூப்பிட்டபோதுதான் நகர்ந்தாள்.

இன்னும் இரண்டு கிழமை லீவு எடுக்கச் சொல்லி இராஜேந்திரன் கெஞ்சினான். திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அவள் கந்தோரில் இருந்தாள். கோப்பைத் திறந்தாள். ஆறாவது, ஏழாவது கேள்விகளுக்குக் கீழே வெறுமையாகவே கிடந்தது. அந்த இடத்தில், இவற்றுக்கான பொறுப்பை நானே ஏற்கிறேன் என்று எழுதி, பெயரையும் திகதியையும் இட்டு, கையொப்பம் வைத்தாள். அவளுடைய மேலாளர் வந்து, "இது உங்கள் வழக்கம் இல்லையே" என்றார். "இல்லைத்தான்" என்றாள் அவள். அன்று முழுக்க வேறு கோப்பு எதையும் அவள் தொடவில்லை.

ஓகஸ்ட் நடுப்பகுதியில் வெக்கை திரும்பி வந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு அறையைக் காலி செய்துகொடுக்க ஜெகதீஸ்வரி ஹவுன்ஸ்லோவுக்கு வந்திருந்தாள். மரண விசாரணை இன்னும் முடியாததால் இறப்பைப் பதியவும் இல்லை. உடுப்புகளைப் பையில் கட்டி, ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி, வாசலுக்குள் அடுக்கினாள். பவளக்கொடி கோயிலுக்குப் போயிருந்தாள். நாலாவது பையோடு இறங்கும்போது கதவு மணி அடித்தது.

தலைப்பாகை கட்டிய, எழுபதை நெருங்குகிற ஒரு மனிதர் நின்றார். கழுத்தில் அடையாள அட்டை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் ஒரு தாளும் பேனாவும்.

"மன்னிக்க வேண்டும்" என்றார் பஞ்சாபி வாடை அடிக்கும் ஆங்கிலத்தில். "இரண்டு தரம் போன் அடித்தோம். எடுக்கவில்லை. ஒருமுறை பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள்." தாளைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய், எழுத்து எழுத்தாக வாசித்தார். "மிஸ்ரர்... ஞா... னே... ஸ்வ... ரன். சரியாகச் சொல்கிறேனா?"

"சரி" என்றாள்.

தாளில் பெயரும் முகவரியும் மட்டும் இருந்தன. நோய் எழுதியிருக்கவில்லை. பெயருக்கு நேரே சின்னதாக ஒரு பெட்டி. மேலிருந்து எண்ணினால் மூன்றாவது பெயர்.

"அவர் வீட்டில் இருக்கிறாரா? சும்மா முகத்தைக் காட்டினால் போதும்."

"அவர் என் அண்ணன். போன மாதம் இறந்துவிட்டார்."

மனிதர் பேனாவைச் சட்டைப்பையில் செருகப் பார்த்தார். அது வழுகிக் கீழே விழுந்தது. குனிந்தவர் நிமிரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். "யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, சகோதரி."

"உள்ளே வாருங்கள்" என்றாள். "இருங்கள். இந்தப் படியில் இருங்கள்."

குசினிக்குள் போய் ஒரு குவளை நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் அதை முழுவதும் குடிக்கும்வரை முன்னால் நின்று பார்த்தாள். இன்னொன்று கொண்டுவந்தாள். அதையும் குடித்தார். முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது.

"இன்னும் எத்தனை வீடு?"

"பதினொன்று. அடுத்தது பக்கத்து வீடுதான்." எழுந்தார். வாசலில் நின்று தயங்கினார். "இதில் நான் என்ன எழுத?"

அவள் பேனாவை வாங்கி, தாளைச் சுவரில் வைத்து, அண்ணையின் பெயர்மேல் நேராக ஒரு கோடு கீறினாள். திருப்பிக் கொடுத்தாள்.

"வெயிலில் மெதுவாகப் போங்கள்" என்றாள்.

அவர் படலையைத் திறந்து, அடுத்த வீட்டுப் படியில் ஏறுவது தெரிந்தது. ஜெகதீஸ்வரி கதவைச் சாத்தவில்லை. அவர் தட்டினார். சத்தமில்லை. மறுபடி தட்டினார், இம்முறை பலமாக. தலைக்கு மேலே ஒரு விமானம் தாழ்ந்து போனது. அது போய் மறையும்வரை அவரும் நின்றார், அவளும் நின்றாள். மூன்றாவது தரம் தட்டினார்.

உள்ளே யாரோ சங்கிலியைக் கழற்றும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெண்குரல், தூக்கம் கலையாமல், எரிச்சலோடு, யாரது என்று கேட்டது.

ஜெகதீஸ்வரி படியில் இருந்த வெறுங் குவளையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள்.