தகர டப்பா சுற்றிய சைலன்சர்

மாடு வெளியேறாமலிருக்க மேய்ச்சல் நிலத்து வாசலில் தரையில் பதித்திருந்த இரும்புக் கம்பிகளைத் தாண்டும்போது பிக்கப் வண்டியின் அடிவயிற்றில் ஏதோ அறுந்து விழுந்தது. ஆர்லிஸ் இறங்கிப் பார்க்கவில்லை. பதினோரு மைல் தூரம் புகைக் குழாயைத் தார் ரோட்டில் இழுத்துக்கொண்டே போனாள். பின்னால் பொறி பறந்தது. எதிரே வந்தவர்கள் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தார்கள். குசலம் விசாரிக்கிறார்கள் என்று நினைத்து, அந்தப் பக்கத்து வழக்கப்படி அவளும் ஸ்டீரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள்.

ஓடெலின் பட்டறை வாசலில் வண்டி நின்றது. ஓடெல் அவள் புருஷன் மெரிலோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். மெரில் மார்ச் மாதம் போய்ச் சேர்ந்தபோது சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்த ஆறு பேரில் ஒருவன். வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவன், கையில் ஒரு கருகிய தகரத்தை வைத்திருந்தான்.

"இது என்னன்னு தெரியுதா ஆர்லிஸ்?"

தெரிந்தது. பீச் பழத் துண்டு வரும் டப்பா. சைலன்சர் குழாய் இற்றுப்போன இடத்தில் அதை வெட்டிச் சுற்றி, வேலிக் கம்பியால் கட்டியிருந்தார் மெரில். பழத்தைத் தின்றது அவள்.

ஒட்டிக் கொடுத்தால் போதும் என்றாள். வெள்ளிக்கிழமை மாட்டு வியாபாரி கிளேட்டன் லாரியோடு வந்து எண்பத்து நாலு மாட்டையும் ஏற்றிக்கொண்டு போகப்போகிறான். அதற்கப்புறம் இந்த வண்டிக்கு என்ன வேலை என்றாள். மூன்று வாரத்துக்கு முன்னால் போனில் சரி என்று சொன்னது. சொன்னபோது நெஞ்சில் ஒன்றும் அடைக்கவில்லை. ஒன்றும் தோன்றாததால், மனசு தயாராகிவிட்டது என்று எடுத்துக்கொண்டாள்.

ஓடெல் ஓட்டுநர் பக்கத்துக் கால்மிதியைத் தூக்கினான். தரை துருப்பிடித்து, உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. தினம் எவ்வளவு நேரம் இதில் உட்காருவாய் என்று கேட்டான். காலையில் தீவனம் போட்டுவிட்டு மூன்று மணி நேரம், நாலு மணி நேரம் என்றாள். வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. இன்ஜினை ஓடவிட்டு, ஹீட்டரைப் போட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்றாள். தலைவலி உண்டா என்றான். உண்டு. மந்தமா? அதுவும் உண்டு. பாதிரியார் மனைவி அது துக்கம் என்றாள். டாக்டரும் துக்கம்தான் என்று மாத்திரை கொடுத்திருந்தார்.

ஓடெல் பட்டறைச் சுவரில் மாட்டியிருந்த, வண்டிப் புகையில் விஷவாயு இருந்தால் கத்தும் அலாரத்தைக் கழற்றி ஆர்லிஸின் சீட்டில் வைத்து, இன்ஜினைப் போட்டு, கதவைச் சாத்தினான். ரெண்டு பேரும் வெளியே நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் அது உள்ளே கிடந்து வீரிட்டது.

"பாத்தியா, உன்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டான்னு ஊரெல்லாம் சொல்லுது. அவன் உன்னையும் கூட்டிட்டுப் போகத்தான் ஏற்பாடு பண்ணிட்டுப் போயிருக்கான்."

"அந்த மனுஷன் எதையும் பாதியிலதான் விடுவாரு," என்றாள் ஆர்லிஸ்.

ஓடெல் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் சிரிக்க வேண்டிய இடம் இது என்று தெரிந்தது. அலாரம் இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

"அப்ப இந்த ஏழு மாசமும் நான் துக்கப்படவே இல்லையா ஓடெல்? வெறும் புகையா?"

அவன் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான்.

"அது எனக்குத் தெரியாதும்மா. எனக்குக் குழாய்தான் தெரியும். ஆனா ஒண்ணு சொல்றேன், நல்ல காத்து ஒரு வாரம் உள்ள போகட்டும். அதுவரைக்கும் எதையும் விக்காத, எதையும் வாங்காத, முடிகூட வெட்டிக்காத."

வேலை ரெண்டு நாள் பிடித்தது. இன்ஜினிலிருந்து பின் பம்பர் வரைக்கும் ஒரே நீளமாகத் துருப்பிடிக்காத எஃகுக் குழாய், பழையதைவிட அரை அங்குலம் அகலம். பெரிய வண்டிக்குப் போடுகிற சைலன்சர். தரை ஓட்டைக்குத் தகடு வைத்துப் பற்றவைத்தான். எண்பத்தாறாம் வருஷத்து வண்டிக்கு இவ்வளவு அலங்காரமா என்றதற்கு, மூக்கு நன்றாக இருந்தால் கிழவிகள் நூறு வருஷம் ஓடுவார்கள் என்றான்.

புதன்கிழமை காலையில் தீவன மூட்டைகளோடு மேட்டில் ஏறினாள். மாடுகள் சரிவில் நின்றன. எதுவும் திரும்பவில்லை. இத்தனை வருஷமும் மெரிலின் ஓட்டைக் குழாய் ஒரு மைலுக்கு முன்னாலேயே இரைந்து சொல்லிவிடும். அவை ஓடி வந்துவிடும். இந்தப் புதுச் சத்தம் எந்த மாட்டுக்கும் பழக்கமில்லை. யாரோ போகிறார்கள் என்று மேய்ந்துகொண்டிருந்தன.

இறங்கினாள். கூப்பிட்டாள். முதல் தடவை குரல் காற்றில் போனது. மறுபடி கூப்பிட்டாள். ஒற்றைக் கொம்புக்காரி முதலில் தலையைத் தூக்கினாள். அப்புறம் வெள்ளை முகம். அப்புறம் போன வருஷம் பனியில் பிறந்ததால் வீட்டுக் குளியல் தொட்டியில் வெந்நீரில் வைத்துச் சூடேற்றிய கிடாரி. ஒவ்வொன்றாக வந்தன. தினமும் தீவனம் போட்டிருக்கிறாள். ஏழு மாதமாக இவற்றின் முகத்தைப் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

வண்டிக்குள் உட்கார்ந்து கிளேட்டனுக்குப் போன் போட்டாள். வெள்ளிக்கிழமை வர வேண்டாம் என்றாள்.

"வேற யாராவது விலைக்குக் கேட்டாங்களா, ஆர்லிஸ் அம்மா?"

"இல்ல. சைலன்சர மாத்தியிருக்கேன்."

அதுக்கும் மாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று மெதுவாகக் கேட்டான், குழந்தையிடம் கேட்பதுபோல.

"அது தெரிஞ்சதும் நானே கூப்பிடுறேன்."

போனை வைத்தாள். மனசுக்குள் துக்கமோ நிம்மதியோ எதுவும் வந்துவிடவில்லை. மாடுகள் தீவனத்தை அரைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. இந்த வண்டிக்குள்ளிருந்து அதை அவள் கேட்டதே இல்லை. விரல் நுனி குளிரில் வலித்தது. கண்ணாடியை ஏற்றக் கையை வைத்தவள், ஏற்றாமல் எடுத்துக்கொண்டாள்.