கோட்டைப் பூங்கா மானும் எங்கள் தேத்தண்ணியும்

என் கணவர் அபூதாஹிர் என்னிடம் கடைசியாகக் கேட்டது ஒரு தேத்தண்ணி. எங்கள் போட்டியில் அன்றும் நான்தான் தோற்றிருந்தேன்.

பின்னேரங்களில் கோட்டையடிப் பூங்காவுக்குப் போவோம். அங்கே புள்ளிமான்கள் ஆட்களோடு ஆட்களாகத் திரியும். கொம்பு முறிந்த ஒன்று அவர் நீட்டும் வாழைப்பழத்தோலைத் தின்னும்; நான் நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். என் கையில் அது தின்கிற நாளில் தேத்தண்ணியை அவர் ஊற்றுவதென்று பேச்சு.

அன்று வீடு திரும்பும்போது கேட்டேன், “உங்கட கையில அப்பிடி என்ன இருக்கு?”

“மானுக்கும் ஆளைத் தெரியும், பல்கீஸ். போய்க் கேத்தலை அடுப்பில வை புள்ள.”

மறுநாள் காலை அவர் மௌத்தானார்.

கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருக்கிற இத்தாக் காலம் முடிந்ததும் வாழைப்பழத்தோலோடு பூங்காவுக்குப் போனேன். மானை ஏமாற்றுவதற்காக அவருடைய சால்வையைப் போர்த்தியிருந்தேன். அது நேரே என்னிடம் வந்தது, மோந்து பார்த்தது. பிறகு கையிலிருந்த தோலை விட்டுவிட்டுச் சால்வையின் நுனியைச் சப்பத் தொடங்கியது.

“தின்னுது, பாருங்க!” என்று பக்கத்தில் திரும்பிச் சொல்லிவிட்டேன்.

இருந்திருந்தால், “தோலைத் திண்டாத்தான் கணக்கு” என்றிருப்பார்.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணியை நான்தான் ஊற்றினேன்.