மூக்கில் வயர் இல்லாத வேன்

1.

இந்தக் கதை என் கற்பனையில் உதித்தது அல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அமெரிக்காவின் வட டக்கோட்டாவில் ஒரு சின்ன மாவட்ட அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாக என் மேசைக்கு எதிர்மேசை ஆர்லிஸுடையது. கொள்முதல் அவள் பொறுப்பு. அவளைக் கேட்காமல்தான் எழுதுகிறேன். அவளுக்குத் தமிழ் தெரியாது என்கிற தைரியம்.

முதலில் எழுதிய ஆரம்பம் இது: “வெண்பனி போர்த்திய சமவெளியில் ஒற்றை வேன் ஒன்று மௌனமாக—”

வேண்டாம். பனியைப் பார்த்தால் இந்த ஊரில் யாருக்கும் கவிதை வராது, இடுப்புவலிதான் வரும்.

2.

கொஞ்சம் கட்டுரை, பொறுத்துக்கொள்ளுங்கள். அரசாங்கப் பணத்தில் வேன் வாங்க டெண்டர் விட வேண்டும். நிபந்தனை எழுதி, விளம்பரம் கொடுத்து, உறைகளைப் பிரித்து, தோற்றவர்களின் புகாருக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் வருடம் ஓடிவிடும். இத்தனைக்கும் எங்களிடம் இருப்பது ஆர்லிஸ் ஒருத்திதான். அதற்காகத்தான் கூட்டுக் கொள்முதல். எங்கோ ஒரு பெரிய மாவட்டம் எல்லாருக்குமாக டெண்டர் விட்டு ஒப்பந்தம் போடும். சின்ன ஊர்கள், பள்ளிகள், தொண்டு நிறுவனங்கள் எல்லாம் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டு, அதே விலைக்கு, அதே நிபந்தனைக்குச் சேர்ந்துகொள்ளலாம். எங்கள் தேவாலயத்து இலவச உணவுக்கூடம்கூடக் குளிர்பெட்டியை இப்படித்தான் வாங்கியது. கேலி செய்யலாம் என்று உட்கார்ந்தேன். நல்ல ஏற்பாடாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய.

3.

எங்கள் முதியோர் வேன் வாரம் மூன்று நாள் நாலு பேரை எழுபது மைல் தள்ளி டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகும். நாலில் ஒருவர் ஆர்லிஸின் கணவர் வெர்லின்; சக்கர நாற்காலியில் இருப்பவர். சக்கர நாற்காலியோடு ஆளைத் தூக்கி ஏற்றும் வசதி இந்த மாவட்டத்திலேயே அந்த வேனில் மட்டும்தான். பழைய வேன் உயிரை விட்டதும், அரிசோனாப் பாலைவனத்து மாவட்டம் ஒன்று போட்ட ஒப்பந்தத்தில் ஆர்லிஸ் சேர்ந்தாள். புது வேன் வந்தது. இரண்டு ஏசி. ஜன்னலெல்லாம் வெயில் தடுக்கும் கண்ணாடி. மூக்கில் வயர் இல்லை.*

* இங்கே எல்லா வண்டிக்கும் முன்னால் ஒரு வயர் தொங்கும். அதைக் கரண்டில் செருகி எஞ்சினைச் சூடாக வைத்தால்தான் காலையில் வண்டி கிளம்பும். படிவத்தில் ‘கூடுதல் தேவைகள்’ என்று ஒரு கட்டம் இருந்தது. ஆர்லிஸ் ‘இல்லை’ என்று எழுதினாள். வேன் வாங்குகிறவர் சக்கரமும் வேண்டும் என்று எழுதுவாரா?

4.

நேற்று ஆர்லிஸ் வேன் கம்பெனிக்குப் போன் போட்டு, இங்கேயே வயர் மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

“வெளியாள் யாராவது எஞ்சினைத் தொட்டா வாரண்டி போயிடும் மேடம். எங்க பட்டறை நானூறு மைல்தான். மூணு வாரம் கழிச்சுக் கொண்டாங்க.”

நாளை வியாழக்கிழமை. வெர்லினின் டயாலிசிஸ் நாள். காலையில் மைனஸ் முப்பத்திரண்டு என்கிறார்கள்.

“ஒரு நாள் தவறினா குடி முழுகிடாது, விடு” என்றாராம் வெர்லின்.

“டிசம்பர்ல தவறினப்போ மூச்சு விட முடியாமக் கிடந்தியே, மறந்துடுச்சா?”

“அப்படி ஒண்ணும் மோசமில்லையே.”

இந்த ஊரில் சாகும்போதும் இதைத்தான் சொல்வார்கள்.

5.

இன்று மத்தியானம் ஹார்லனின் பட்டறைக்குப் போனாள். பழைய வேனை விற்றது ஹார்லன்தான். புதியதையும் அவனிடமே வாங்குவாள் என்று காத்திருந்தவன். ஆர்லிஸுக்குப் பள்ளித் தோழன் வேறு.

“வா ஆர்லிஸ். அரிசோனாக்காரன் சௌக்கியமா?”

“ஏசி ரெண்டும் நல்லா ஓடுது.”

“ஜனவரிக்குத் தேவைதான்.”

“வயர் மாட்டணும் ஹார்லன். இன்னிக்கே.”

“உன் ஒப்பந்தத்துல என் பேரு இல்லையே. நாளைக்கு வாரண்டி போச்சுன்னா மாவட்ட சபையில என்னைத்தானே இழுப்பீங்க?”

“நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். என் வேலை போனாப் போகட்டும். மாட்டிக் குடு.”

“வேணாம் தாயி. எனக்குத் தலைக்கு மேல வேலை கிடக்கு.”

இரண்டு முறை கேட்டாகிவிட்டது, இரண்டு முறை மறுத்தாகிவிட்டது. இந்த ஊர் வழக்கம் ஒன்று உண்டு. காப்பி வேண்டுமா என்றால் வேண்டாம் என்பார்கள். மறுபடி கேட்டாலும் வேண்டாம்தான். மூன்றாம் முறை கேட்டால், “ஊத்தறதா இருந்தா அரைக் கப்பு” என்பார்கள். ஆகவே ஹார்லன் சொன்ன இரண்டும் மரியாதைக்குச் சொன்னதாக இருக்கலாம். நிஜமான கோபமாகவும் இருக்கலாம். மூன்றாம் முறை கேட்காமல் அது தெரியாது. மூன்றாவதும் ‘வேண்டாம்’ என்று வந்துவிட்டால், அதற்குமேல் கேட்க இந்த ஊரில் வழி கிடையாது.

ஆர்லிஸ் ஒரு கையுறையை மாட்டிக்கொண்டாள். இன்னொன்றைப் பிடித்தபடி கதவருகே நிற்கிறாள்.

6.

முடிவுகள்.

(அ) அவள் கேட்கிறாள். ஹார்லனின் கண் கலங்கு— அடித்துவிட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ டெண்டரில் தோற்றும் கலங்காத கண் அது.

(ஆ) அவள் கேட்காமல் போகிறாள். வியாழக்கிழமை காலை டிரைவர் சாவியைத் திருப்புகிறார். வேன் ஒரு முறை முனகி—

இதை எழுத எனக்கு மனம் வரவில்லை. கிறிஸ்துமஸ் தவறாமல் எனக்கு மான்கறி வற்றல் கொடுத்தனுப்புகிற மனிதர் வெர்லின். எனக்குப் பயமாக இருக்கிறது.

7.

இந்தப் பேச்செல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அவளைக் காரில் கூட்டிவந்ததே நான்தான். ஹார்லன் பட்டறையின் காப்பிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்று, ரசீதின் பின்பக்கத்தில் இதைக் கிறுக்கிக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் முறையை நானே கேட்கலாம். ஆனால் எழுதுகிறவன் கதையில் தலையிடக் கூடாது என்று ஒரு சாக்கு வைத்திருக்கிறேன். அதுவும் யாரோ போட்ட விதி. படித்துப் பார்க்காமல் நானும் அதில் சேர்ந்துகொண்டேன்.

ஆகவே அந்த மூன்றாம் முறையை நீங்கள் கேளுங்கள். நீங்கள் எழுதும் முடிவில், அதே நிபந்தனைக்கு நானும் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்துகொள்கிறேன். கூடுதல் தேவைகள் கட்டத்தை மட்டும் இம்முறை நிரப்பிவிடுகிறேன்: வெள்ளிக்கிழமை காலையில் வெர்லினுக்கு ஒழுங்காக மூச்சு வர வேண்டும்.